பந்தலூர் மழையில் ஆர்ப்பாட்டத்தைப் படமெடுப்பது பற்றி

நீலகிரியில் பந்தலூர் பக்கமிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். போன மாதம் அவருடைய ஊர்க்காரர்கள், செக்‌ஷன் 17 நிலத்தில் (உரிமைச் சிக்கல் தீராத ஒரு நில வகை) இருக்கும் வீடுகளுக்கு மின் இணைப்பு கேட்டு மழையில் நின்று ஆர்ப்பாட்டம் செய்திருக்கிறார்கள். இவரிடம் ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு போன். நூற்றெண்பது படம் எடுத்தும் ஒன்றுகூடத் தேறவில்லை என்கிறார். எல்லாம் சாம்பல் பூசிய மாதிரி, குடைகள் மட்டும் தெரிகின்றனவாம். பாதியில் லென்ஸுக்குள் புகை படிந்தது போல ஆகிவிட்டது. போனை எடுத்தால் தொடுதிரை சொன்னபடி கேட்கவில்லை. ஆகஸ்டில் அடுத்த ஆர்ப்பாட்டம். "கேமராவை மழையிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது, என்ன கவர் வாங்கலாம்?" என்று முடித்திருக்கிறார்.

கவர் பற்றிச் சொல்கிறேன், அது சுலபம். ஆனால் அவர் கேட்க வந்தது அது இல்லை என்று நினைக்கிறேன். அன்றைக்கு மழையில் அத்தனை பேர் நின்றார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் ஒரு ஆள்கூட இல்லை. அதுதான் அவரை உறுத்துகிறது. கேமரா நனையாமல் திரும்பி வந்திருந்தாலும் அவருக்கு அன்று அதே படங்கள்தான் கிடைத்திருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஊட்டியில் ஒரு ஸ்டுடியோவில் டார்க்ரூம் பையனாக வேலைக்குச் சேர்ந்தவன். இங்கே இந்து நகர் ஆலையில் உருவான 'இந்து' கருப்பு வெள்ளை பிலிமில்தான் தொழில் பழகினேன். பிறகு கல்யாணம், காதுகுத்து, அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் பத்திரிகைகளுக்குப் படம் அனுப்பும் வேலை. ஊட்டி ஏடிசி பக்கமும் கூடலூர் காந்தி திடலிலும் நான் நனையாத வருடம் இல்லை. கீழே சொல்வதில் பெரும்பகுதி அப்படி நனைந்து கற்றது. சட்டம் பற்றிய பகுதி மட்டும் கேட்டறிந்தது. அது வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தச் சாம்பல். நம் ஊரில் மூடுபனி என்று சொல்வது பெரும்பாலும் தரையில் வந்து உட்கார்ந்த மேகம்தான், அதாவது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். உங்களுக்கும் எதிரே நிற்பவருக்கும் நடுவில் எத்தனை மீட்டர் மேகம் இருக்கிறதோ, படத்தில் அத்தனை மீட்டர் வெள்ளை ஏறும். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடை வராந்தாவில் நனையாமல் நின்றுகொண்டு ஜூமை 55 வரை இழுத்து எடுத்திருப்பீர்கள். (எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம்.) ஜூம் ஆளைப் பெரிதாக்கும், நடுவில் இருக்கும் மேகத்தைக் குறைக்காது. பத்தாயிரம் ரூபாய் லென்ஸானாலும் இரண்டு லட்சம் ரூபாய் லென்ஸானாலும் இதில் வித்தியாசம் கிடையாது. இது உறுதியாகச் சொல்லக்கூடியது. மேகத்தைக் குறைக்க ஒரே வழி தூரத்தைக் குறைப்பது. ஜூமை 24 பக்கம் வைத்துவிட்டு, ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பால் வளையத்தை ஒட்டிவிடுங்கள். ஆளிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில் நில்லுங்கள். அப்போது முன்னால் இருப்பவரின் முகம், சட்டை, கையில் இருக்கும் அட்டை எல்லாம் பளிச்சென்று வரும். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் வரிசை வரிசையாக வெளுத்துக்கொண்டே போவார்கள். போன மாதம் உங்கள் படத்தைக் கெடுத்த அதே மேகம் இப்போது ஆழம் காட்டிக்கொடுக்கும். வெயிலில் எடுத்தால் பின்னால் இருக்கும் கடை போர்டு, விளம்பரத் தட்டி, நிறுத்தி வைத்த ஜீப் என்று எல்லாம் கண்ணை இழுக்கும். மேகத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கிட்டே போவது என்பது கால் விஷயம் மட்டும் இல்லை. ஆர்ப்பாட்டம் பத்து மணிக்கு என்றால் ஒன்பதரைக்கே போய்விடுங்கள். ஏற்பாடு செய்பவரிடம் நீங்கள் யார், எதற்கு எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் ஊர்க்காரர்கள்தான் என்றாலும் சொல்லுங்கள், கையில் கேமரா வந்தால் தெரிந்த பையன்கூட வேறு ஆளாகத் தெரிவான். டீக்கடையில் அவர்களோடு ஒரு கட்டன் சாயா குடியுங்கள். முக்கியமாக, நீங்கள் குடை பிடிக்காதீர்கள். குடையோடு ஒரு கையால் எடுத்தால் படமும் ஆடும், குடையும் அடுத்தவர் கண்ணைக் குத்தும். இன்னொன்றும் இருக்கிறது. எல்லோரும் நனையும்போது நீங்களும் நனைந்தால் உங்களைக் கவனிப்பதை விட்டுவிடுவார்கள். காந்தி திடலில் ஒருமுறை நான் முட்டி போட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று என் தலைமேல் மட்டும் மழை நின்றது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு பாட்டி தன் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கோஷம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

குடைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்கால ஆர்ப்பாட்டத்தில் நின்ற உயரத்தில் எடுத்தால் குடைதான் வரும், அதற்கு மேல் எதுவும் வராது. அதனால் ஒன்று மேலே போங்கள், இல்லையென்றால் கீழே வாருங்கள். மேலே போவது நம் மலையில் சுலபம், எந்த ரோட்டுக்கும் மேலே ஒரு ரோடோ படிக்கட்டோ இருக்கும். அங்கிருந்து ஒன்றிரண்டு எடுத்தால் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குச் சாட்சி ஆகும். அது தேவை. மறுநாள் இருநூறு பேர் வந்தார்களா இருபது பேர் வந்தார்களா என்ற சண்டை வரும்போது அந்தப் படம்தான் பேசும். ஆனால் ஒன்றிரண்டு போதும், இறங்கி வந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய படங்கள் குடைக்கு அடியில் இருக்கின்றன. இடுப்பு உயரத்துக்குக் குனிந்து, குடை விளிம்புக்குக் கீழே லென்ஸ் போகிற மாதிரி எடுங்கள். அங்கே வெளிச்சம் குறைவு. கருப்புக் குடைக்கு அடியில் இருக்கும் முகம், வெளியே இருப்பதைவிட எளிதாக ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் இருட்டு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). கலர் குடை என்றால் துணி வழியாக வரும் வெளிச்சம் முகத்தில் சாயம் பூசிவிடும். நீலக் குடைக்கு அடியில் இருப்பவர் உடம்பு சரியில்லாதவர் மாதிரி தெரிவார், சிவப்புக் குடை என்றால் கோபக்காரர் மாதிரி. அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யப் பார்த்தால் மற்றதெல்லாம் கெடும். நான் சரிசெய்வதில்லை, குடையும் படத்தில் தெரிகிற மாதிரி எடுத்துவிடுவேன். சாயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவர்களுக்கே புரிந்துவிடும். கீழே இறங்குவதில் இன்னொரு லாபம், நனைந்த தார் ரோடு. அது வானத்து வெளிச்சத்தைத் திருப்பி மேலே அனுப்பும். குடைக்கு அடியில் இருக்கும் முகத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற ரிஃப்ளெக்டர் அது. இந்த இடத்தில் போலரைஸர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் ஃபில்டர்) போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஈர ரோட்டின் பளபளப்பையும் அது கொல்லும், ஏற்கனவே குறைவாக இருக்கும் வெளிச்சத்தில் ஒன்றரை ஸ்டாப் தின்றுவிடும்.

குடை இல்லாதவர்களையும் பாருங்கள். தோட்ட வேலைக்குப் போகிற அம்மாக்கள் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணி, இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் படங்கு, கடையில் கொடுத்த பையையே தொப்பியாக்கிக்கொண்ட பெரியவர். முகம் முழுதாகத் தெரிவது இவர்களிடம்தான். யார் எந்த வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது.

அமைப்புகளுக்கு வருகிறேன். ஆட்டோவில் விட்டால் கேமரா மேகத்தைப் பார்த்து ஏமாறும். எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்குவதுதான் அதன் மீட்டருக்குத் தெரிந்த வேலை. வெள்ளையான மேகத்தையும் சாம்பலாக்கும், அதற்கு முன்னால் இருக்கும் முகத்தைக் கரியாக்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மூன்றில் இரண்டு ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை பிளஸ் பக்கம் ஏற்றுங்கள். குடைக்கு அடியில் நுழைந்தால் இன்னும் கொஞ்சம். ரா (RAW) கோப்பாக எடுங்கள், ஜேபெக்கில் மேகத்தின் வெளுப்பு ஒருமுறை போய்விட்டால் திரும்பாது. ஜூலை ஆகஸ்டில் பந்தலூர் மேகத்துக்குள் பகல் பதினொரு மணிக்குச் சுமாராக ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600, எஃப் (லென்ஸ் திறப்பு) 5.6, ஷட்டர் 1/500 விநாடி என்று தொடங்கலாம். மதியம் மூன்று மணிக்கு மேல் ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளி வரும், வரட்டும். பழைய ஐஎஸ்ஓ 400 பிலிமை அதன் அளவுக்கு மேல் தள்ளிக் கழுவிய காலத்தில் இதைவிடப் பெரிய புள்ளிகளை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

மழைத்துளி தெரிய வேண்டுமா, கோடாக வேண்டுமா, காணாமல் போக வேண்டுமா என்பது ஷட்டர் கையில் இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துளி விநாடிக்கு 6, 7 மீட்டர் வேகத்தில் விழும். 1/60இல் அது பத்து சென்டிமீட்டர் நீளக் கோடு. 1/500இல் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அதாவது கிட்டத்தட்ட துளி. ஆனால் எந்த வேகத்தில் எடுத்தாலும், மழைக்குப் பின்னால் இருட்டு இருந்தால்தான் மழை தெரியும். வெள்ளை மேகத்தின் முன்னால் பெய்கிற மழை படத்தில் விழாது. கருப்புக் குடை, திறந்த கடையின் இருட்டான உள்பக்கம், சவுக்கு மரங்கள், போலீஸ் வேன் என்று ஏதாவது ஒன்றைப் பின்னணியாகப் பிடியுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் துளிகள் எல்லாம் வெள்ளை உருண்டைகளாக ஒளிர்ந்து, படம் அம்மை போட்டது போல வரும். வேண்டுமென்றே அப்படி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்குப் பிடிப்பதில்லை. ஃபோகஸ் பற்றி ஒரு வரி. மேகத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், பிடிக்க விளிம்பு இல்லாததால். நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு குடைக்கம்பி, சட்டைக் காலர், அட்டையில் எழுத்து என்று அழுத்தமான விளிம்பில் பிடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் மேனுவலில் இரண்டரை மீட்டருக்கு வைத்துவிட்டு, நீங்கள் முன்னே பின்னே நகருங்கள்.

இப்போது ஒரு விஷயம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கையால் எழுதிய அட்டைகளை முதல் பதினைந்து இருபது நிமிடத்திலேயே எடுத்துவிடுங்கள். ஃபிளெக்ஸ் பேனர் மழையைத் தாங்கும், நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை போடுமே தவிர எழுத்து போகாது. ஸ்கெட்ச் பேனாவிலும் போஸ்டர் கலரிலும் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த அட்டைதான் கரையும். ஒருமுறை ஒரு அக்கா பிடித்திருந்த அட்டையில் 'மின் இணைப்பு வழங்கு' என்று நீல எழுத்து. நான் பேச்சாளரையே எடுத்துக்கொண்டிருந்துவிட்டு அரை மணி கழித்துத் திரும்பினால் 'இணை' மட்டும் மிச்சம் இருக்கிறது. மீதி எல்லாம் அவருடைய மணிக்கட்டு வழியாக இறங்கி, ஸ்வெட்டர் கையின் மஞ்சள் கம்பளியைப் பச்சையாக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையை எடுத்தேன், நல்ல படம்தான். ஆனால் முழு எழுத்தோடு ஒரு படம் என்னிடம் இல்லை என்பதால் அந்தக் கைக்கு அர்த்தம் சொல்லப் படத்துக்குக் கீழே மூன்று வரி எழுத வேண்டியதாயிற்று. கோரிக்கை என்ன என்பது படத்திலேயே வாசிக்கிற மாதிரி ஒன்றாவது இருக்கட்டும். உங்கள் ஊர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். செக்‌ஷன் 17 என்றால் மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. 1969இல் வந்த கூடலூர் ஜன்ம நிலச் சட்டத்தின் ஒரு பிரிவு அது, அந்த வகை நிலத்தின் உரிமைச் சிக்கல் இன்னும் அவிழவில்லை, அதனால் அங்கே குடியிருப்பவர்களில் பலருக்குக் கரண்ட் கிடைப்பதில்லை என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். படம் அதைச் சொல்லாது. தேதி, நேரம், இடம், என்ன கோரிக்கை என்று நான்கு வரி அன்று இரவே எழுதிவையுங்கள். நனைந்த நோட்டில் எழுத பால்பாயின்ட் பேனா ஓடாது, பென்சில் ஓடும்.

கொடும்பாவி எரிப்பதாக இருந்தால் அதற்குக் காத்திருந்து நேரத்தை வீணாக்காதீர்கள். நம் மழையில் அது எரிந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. வழக்கமாகப் போலீஸ் வாளியோடு ஓடிவந்து அணைப்பார்கள், இங்கே அந்த வேலையை வானமே பார்த்துக்கொள்ளும்.

சரி, கேமராவைக் காப்பது. கடையில் விற்கிற மழைக்கவர் நல்லதுதான், வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். நான் இன்றைக்கும் கெட்டியான பாலித்தீன் பையைத்தான் பயன்படுத்துகிறேன். அடியில் லென்ஸ் ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு வளையம்) அளவுக்கு ஓட்டை, ஹூட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட், பின்பக்கம் கை நுழையத் திறப்பு. கண் வைக்கும் இடத்தில் மட்டும் பையைக் கிழித்து ஐகப்புக்கு அடியில் செருகிவிட்டால் பிளாஸ்டிக் வழியாகப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, காற்றடித்தால் பை படபடவென்று சத்தம் போடும் என்பதைத் தவிர. ஹூட் கட்டாயம். மழையில் அது வெயிலுக்கு இல்லை, கூரை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், பாதித் துளிகள் கண்ணாடிக்கு வராது. துடைக்க பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நான்கு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனி சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டு. ஒரே துணியை வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் அது ஈரத்தைத் தேய்க்கத்தான் உதவும். அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது என்பது இந்த விஷயத்தில் வரம்.

உங்கள் லென்ஸுக்குள் படிந்த புகை மழையால் வந்தது இல்லை. அநேகமாக டீக்கடையால் வந்தது. குளிரில் ஒரு மணி நேரம் இருந்த கேமராவை, கொதிக்கிற பாய்லரும் இருபது பேர் மூச்சும் நிறைந்த கடைக்குள் கொண்டுபோனால், அந்தச் சூடான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகும். வெளியே துடைக்கலாம், உள்ளே படிந்தால் ஒன்றும் செய்ய முடியாது, தானாகக் காய வேண்டும். நானும் இப்படித்தான் ஒருமுறை ஒரு முக்கியமான சாலை மறியலின் கடைசி ஒரு மணி நேரத்தைக் கோட்டைவிட்டேன். உள்ளே நுழைவதற்கு முன் வாசலிலேயே கேமராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிவிடுங்கள். ஈரம் கவரின் வெளிப்பக்கம் படியும், கேமரா மெதுவாகச் சூட்டுக்குப் பழகும். அரை மணி நேரமாவது திறக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் இதேதான். திரும்பக் குளிருக்கு எடுத்துப் போகும்போது இந்தப் பிரச்சினை இல்லை.

வீட்டில், பேட்டரியும் கார்டும் எடுத்துவிட்டு, மூடிகளைத் திறந்து, ஃபேன் காற்றில் ஓர் இரவு வையுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். நனைந்ததை அரிசியில் புதைக்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரிசி ஈரத்தை உறிஞ்சுவதைவிடத் தவிட்டுத் தூளை இடுக்குகளில் ஏற்றுவதே அதிகம். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைப்பது தேவலை. நம் ஊரில் கேமராவைக் கொல்வது பெரும்பாலும் ஒருநாள் மழை இல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பையிலேயே பூட்டி வைப்பதால் லென்ஸில் வளரும் பூஞ்சைதான். என்னுடைய ஒரு நல்ல 50 எம்எம் லென்ஸ் அப்படித்தான் போனது, கண்ணாடிக்குள் சிலந்தி வலை பின்னிய மாதிரி. ஆகவே வெயில் எட்டிப் பார்க்கும் நாட்களில் எடுத்துக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். பேட்டரி பற்றி: பந்தலூரில் அவ்வளவு குளிர் இல்லை. ஊட்டியில் டிசம்பர் ஜனவரி உறைபனிக் காலையில் எடுக்க வந்தால் மட்டும் உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். தீர்ந்துவிட்டது என்று காட்டுவதுகூட சூடானபின் கொஞ்சம் உயிர் பெறும்.

உங்கள் உடம்பும் ஒரு கருவிதான். ரப்பர் பூட்ஸ் போடுங்கள், உள்ளே நீளக் காலுறை. ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிக்கு உப்பும் மூக்குப்பொடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்வலத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே எடுப்பது சமவெளிப் பழக்கம். இறக்கத்தில், பாசி படிந்த ரோட்டில் அதைச் செய்யாதீர்கள். இருபது மீட்டர் முன்னால் ஓடி, நின்று, எடுத்து, மறுபடி ஓடுங்கள். உயரம் கிடைக்கிறதே என்று புதிதாக வெட்டிய மண்மேட்டிலோ தடுப்புச் சுவர் மேலோ ஏறாதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது இந்த மாவட்டத்தில் எத்தனை மேடுகள் ரோட்டுக்கு வந்தன என்பதை நேரில் பார்த்தவன் நான். காற்று அடிக்கும் நாளில் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களுக்கு அடியிலும் நிற்காதீர்கள். ஆர்ப்பாட்டக்காரர்கள் அங்கே நின்றால் அவர்களிடமும் சொல்லுங்கள், படம் எடுப்பவர் சொல்லக் கூடாது என்று சட்டம் இல்லை.

கிட்டே போகச் சொன்னேன். கிட்டே போனால் முகம் வரும், முகம் வந்தால் அதற்குப் பொறுப்பும் வரும். என் ஆரம்ப காலத்தில் ஒரு தோட்டத்தில் போனஸ் கேட்டு மழையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா, கொங்காணிக்குள்ளிருந்து நேராக என்னைப் பார்த்தார். எடுத்தேன், மறுநாள் பெரிதாக வந்தது, எனக்குப் பாராட்டும் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, அந்தப் படத்தைக் காட்டி, அந்த அம்மாவைப் பத்து நாளாக வேலைக்கு எடுக்கவில்லை என்று சொன்னார்கள். அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நாற்பது பேர். அடையாளம் தெரிந்தது அவர் ஒருவர்தான், தெரியவைத்தது நான். அவர் என்னைத் திட்டவில்லை. "போட்டோ நல்லா இருந்துச்சு தம்பி" என்றுதான் சொன்னார். அதிலிருந்து, தனி முகம் ஒன்றை வெளியிடுவதாக இருந்தால் அங்கேயே கேட்டுவிடுகிறேன். "இது பேப்பரில் வந்தால் உங்களுக்குத் தொந்தரவு வருமா?" வரும் என்றால் முதுகு, கை, குடை, கால் என்று எத்தனையோ இருக்கின்றன. கூட்டமாக எடுத்த எல்லோரிடமும் கேட்க முடியாது, கேட்டேன் என்று சொன்னால் பொய். அங்கே என் அளவுகோல் ஒன்றுதான். மேடையில் பேசுபவர், கோஷத்தை நடத்துபவர் ஆகியோர் தெரிந்தே முன்னால் வந்தவர்கள், அவர்கள் முகத்தைத் தயங்காமல் வெளியிடலாம். ஓரத்தில் தலையைக் குனிந்து நிற்பவர் விஷயத்தில் தயங்குங்கள். பணியர், குறும்பர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வந்து நிற்பவர்களை நகை, உடை என்று தேடித் தேடி எடுக்கும் வழக்கம் வெளியூர்ப் புகைப்படக்காரர்களிடம் இருக்கிறது. அவர்களும் அதே கரண்டைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள். குழந்தைகளைத் தனியாக எடுத்து, பெயரோடு போடாதீர்கள்.

படம் அனுப்புவது பற்றியும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போனில் இருப்பிடம் பதியும் அமைப்பு திறந்திருந்தால் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் எடுத்த இடம் எழுதப்படும். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். தெளிவாகப் போகட்டும் என்று எல்லோரும் டாக்குமென்டாகத்தான் அனுப்புகிறோம். யாருடைய வீட்டு வாசலிலாவது எடுத்ததாக இருந்தால் கவனியுங்கள். உங்கள் சாட்சிக்கு மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கேமராவின் கடிகாரமும் சரியாக இருக்கட்டும். கம்ப்யூட்டரில் டீஹேஸ் பட்டனை இழுத்து மேகத்தை முழுசாக விரட்டாதீர்கள். அன்று மேகம் இருந்தது, கொஞ்சம் அழுத்தம் கூட்டினால் போதும்.

இனி சட்டம், இது கேட்டறிந்தது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். பொது இடத்தில் நடக்கும் ஆர்ப்பாட்டத்தைப் படமெடுக்க நான் இத்தனை வருடத்தில் தனி அனுமதி வாங்கியதில்லை. ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி வாங்குவது ஏற்பாட்டாளர்களின் வேலை. ஆனால் கூட்டம் கூடுவதற்குத் தடை உத்தரவு இருக்கும்போது, கலைந்து போகச் சொன்ன பிறகும் நீங்கள் உள்ளே நின்றால், கேமரா வைத்திருப்பதால் மட்டும் உங்களைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள். நாம் 144 என்றே சொல்லிப் பழகிய அந்தத் தடை 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவு. பத்திரிகை அடையாள அட்டை உங்களிடம் இல்லை என்பதால் கல்லூரி அட்டையாவது வைத்திருங்கள். போலீஸ்காரர் படத்தை அழி என்று சொன்னால் நான் செய்வது: குரலை உயர்த்தாமல் "சார், ஸ்டேஷனுக்கு வேண்டுமானாலும் வருகிறேன், அழிக்க மாட்டேன்" என்பேன். பெரும்பாலும் அதோடு முடிந்திருக்கிறது, ஒருமுறை முடியவில்லை. உங்களுக்கு அந்த நிலை வந்தால் என் அனுபவத்தை நம்பாமல் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள், அவர் எண்ணை முன்கூட்டியே துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு. குன்னூர் பக்கம் எடுக்க நேர்ந்தால் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவப் பகுதி இரண்டையும் நினைவில் வையுங்கள். தொழிலாளர் ஆர்ப்பாட்டம் கேட்டுக்கு வெளியே நடந்தாலும், கேட்டையும் மதிலையும் பின்னணியாக வைக்காமல் ரோட்டுப் பக்கம் திரும்பி எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக, போன். கேமரா படுத்துவிட்டால் போன் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்காவிட்டாலும் மனதில் இருக்கும். போதும், நான் மேலே சொன்னது போல் கிட்டே நிற்பதாக இருந்தால். ஈரத் திரையில் விரல் வேலை செய்யாது, மழைத்துளியையே விரல் என்று நினைத்து அது எதையாவது திறந்துகொண்டிருக்கும். வால்யூம் பட்டனை அழுத்தினால் படம் எடுக்கும்படி பெரும்பாலான போன்களில் அமைக்கலாம், வீட்டிலேயே செய்து பழகிவிடுங்கள். தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஐபி 68 என்று போட்டிருப்பதைப் பார்த்து மிதமிஞ்சி நம்பாதீர்கள். அது புதுப் போனுக்கு, சுத்தமான தண்ணீரில் செய்த சோதனை. இரண்டு முறை கீழே விழுந்து ஓரம் விரிந்த போனுக்கு அந்த எண் பொருந்தாது. சார்ஜ் துளை ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள். போன் லென்ஸுக்கு ஹூட் கிடையாது, அதனால் பழைய தொப்பி ஒன்று போட்டுக்கொண்டு அதன் முன்விளிம்புக்கு அடியில், நெற்றியோடு ஒட்டிப் பிடித்து எடுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், படத்தில் துளி விழாது. வீடியோ பற்றி நான் சொன்னால் சரியாக இருக்காது, எடுத்துப் பழக்கமில்லை. மழையில் மைக் என்ன பாடுபடும் என்பதை அதில் வேலை செய்தவர் யாராவது சொல்லட்டும்.